கூடை எடை போக

பாய், நான் மாதேசுவரி.
பென்னாகரம் ரோட்டில், உங்கள் பஞ்சர் கடையில்
வாரத்தில் மூன்று நாள் மாத்திரை விழுங்கியவள்.
ஆளைத் தெரியவில்லையா?
தெரியாதுதான்.
அப்போது முப்பத்தாறு கிலோ.

ஆஸ்பத்திரியில் உங்கள் பேரைத்தான் எழுதியிருந்தார்கள்,
நான் முழுங்குவதற்குச் சாட்சியாக.
ஏழு மாத்திரை.
வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.
சட்டித் தண்ணீரில் டியூபை முக்கி
எங்கே குமிழி வருகிறது என்று தேடுகிற கண்ணால்
என் தொண்டையைப் பார்ப்பீர்கள்.
பிறகு கையைத் துடைத்துவிட்டு
அட்டையில் ஒரு டிக்.
ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ்.

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றரை.
ஒவ்வொரு கிலோவுக்கும் நர்ஸ் சிரித்தாள்.
தேறிட்டா என்றது தெரு.
தேறினேன்.
தேறிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.
ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர்
போனவர்தான்.
விரல் மூட்டு, முட்டி, தோள் என்று வரிசையாக நெருப்பு.
சேலத்து டாக்டர் எழுதிய சின்ன வெள்ளை மாத்திரை
எட்டு வருஷம்.
முதலில் உப்பியது முகம்.
வட்டி வாங்க வந்தவன் வாசலில் நின்று சொன்னான்,
"சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்ல போலிருக்கே."
அந்த மாதம் முழுக்க
ரேஷன் அரிசிக் கஞ்சி, மாங்காய் ஊறுகாய்.

இப்போது பட்டுக்கூடு அங்காடியில் எடை எழுதுகிறேன்.
கூடையோடு தூக்கித் தராசில் வைப்பார்கள்.
கூடை எடை போக மீதிக்குத்தான் விலை.
நாள் பூராவும் கழித்தல் கணக்கு.
நேற்று ஏலம் முடிந்து, ஆள் கலைந்து,
கூட்டுகிறவளும் போன பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

அதில் கூடை எவ்வளவு?
வெள்ளை மாத்திரை எத்தனை கிலோ,
வட்டி எத்தனை,
படுத்தே கிடந்த மழைக்காலங்கள் எத்தனை.
மறைப்பானேன், பாய்,
பசியே இல்லாமலும் தின்றிருக்கிறேன்.
மகள் தூங்கிய பிறகு
தட்டு நிறைந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே
போட்டுப் போட்டுத் தின்றிருக்கிறேன்.

குறைக்காவிட்டால் முட்டி தாங்காது என்கிறார் டாக்டரம்மா.
நடக்கணுமாம். ராத்திரிக்கு ராகிக் களியாம்.
களி கிண்ட ஒரு மணிக்கட்டு வேண்டுமே என்று
நான் சொல்லவில்லை.

நாத்தனாரிடம் சொன்னதும் பதறிப்போனாள்.
"நீ இளைச்சா, மறுபடியும் அதுவான்னுதான் கேப்பாங்க.
பொண்ணுக்கு வரன் பாக்குற நேரத்துல உனக்கு ஏன் இது?"
அவளைச் சொல்லியும் குற்றமில்லை.
எங்கள் தெருவில் ஒல்லிக்கு
ஒரே ஒரு நோய்தான் பேர்.
நான் பிழைத்தேன் என்பதற்கு
அவர்கள் நம்புகிற ஒரே ரசீது
இந்த உடம்பு.

அதனால்தான் உங்களிடம் வந்தேன்.
மருந்து இல்லை, புத்திமதியும் வேண்டாம்.
விடியக்காலை ஐந்தரைக்கு
வீட்டிலிருந்து இதுவரைக்கும் நடந்து வருவேன்.
நீங்கள் பார்க்க வேண்டும்.
ஒருநாள் வராவிட்டால்
அன்றைக்கு மாதிரியே பையனை அனுப்பி
ஏன் வரலைன்னு கேட்க வேண்டும்.
இளைத்துப்போய், யாராவது காதைக் கடித்தால்
நோயெல்லாம் இல்லை,
நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே என்று
அவர்களிடம் ஒரு வார்த்தை.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
லாரி டயர் ஒன்றை உருட்டி ஓரமாகச் சாய்த்தீர்கள்.
ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினீர்கள்.
அது தாங்குமா என்று நான் பார்த்ததை
பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டீர்கள்.

"அஞ்சரை ஆகாது. தொழுதுட்டு வர ஆறாயிடும்."

பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து
பின்பக்கம் கோடு போட்டீர்கள்.
கோணல் கோடு, அப்போது போலவே.
"எடை?"

யாரிடமும் சொல்லாதது
ஏர் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே வந்தது:
எண்பத்தொன்பது, நானூறு.
கூடையோடு, என்றேன்.

உங்களுக்குப் புரியவில்லை.
ஆனாலும்
அதையும் எழுதிக்கொண்டீர்கள்.